தொண்டையைத் தாண்டாத மருந்து

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணுடைய வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் கல்முனைக்கு வந்து சேர்ந்தேன். வீடு என் மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்தது. வீட்டின் பின்பாதியில் மனைவியின் உம்மா, என் மாமி, இருந்தார். மாமா மௌத்தாகி, அடக்கம் செய்து நெடுநாள்.

மாமி என்னோடு நேருக்கு நேர் கதைத்ததே இல்லை. கோபதாபம் ஒன்றும் கிடையாது, எல்லாம் மரியாதைதான். மருமகன் ஒரு வாசலால் வந்தால் அவர் மறுவாசலால் போய்விடுவார். “சோறு ஆறுது” என்று குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். யாருக்கு ஆறுகிறது, யார் வந்து சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்காது. எழுந்து போனால் மேசையில் சோறு இருக்கும், மாமி இருக்கமாட்டார். இந்தக் காலத்து வீடுகளில் மாமியும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து டீவி பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தப் புதுமை வந்து சேரவில்லை.

ஆளைக் காணாவிட்டாலும் அவருடைய மூச்சை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாமிக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. எங்கள் அறைக்கும் அவருடைய அறைக்கும் நடுவில் இருந்தது ஒற்றைக்கல் சுவர். பெரும்போக வேளாண்மை வெட்டுத் தொடங்கி, வயலில் வெட்டுகிற மெசின் இறங்கி, நெல் ஊருக்குள் வந்து, ஆலைகள் ஓடத் தொடங்கினால் காற்றில் ஒரு தூசி ஏறும். சட்டைக் கழுத்தில் பட்டால் சுணை கடிக்கும். அந்தத் தூசி வந்த அன்றைக்கே சுவருக்கு அப்பால் ஒரு சீட்டி கேட்கத் தொடங்கிவிடும். உள்ளே இழுக்கும்போது சின்னதாக, வெளியே விடும்போது நீட்டி. நான் கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் பேனை தானாக நின்றுவிடும்.

கிளினிக்கில் அவருக்கு வாய்க்குள் மருந்து அடிக்கிற பம்ப் இரண்டு கொடுத்திருந்தார்கள். மண்ணிறப் பம்ப், முட்டு வராமல் இருக்கக் காலையும் மாலையும் அடிக்க. நீலப் பம்ப், முட்டு வந்தபிறகு அடிக்க. இரண்டையும் மாமி ஒழுங்காகத்தான் அடித்தார். மருந்து தவறவிடுகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் பம்பால் அவருக்குக் குணம் தெரியவில்லை. மாதத்தில் இரண்டொரு முறையாவது ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது. அங்கே முகத்தில் மாஸ்க்கைப் போட்டு, மருந்துத் தண்ணீரை மெசினால் புகையாக்கி விடுவார்கள். நெபுலைசர் என்பது அதன் பெயர். எங்கள் ஊரில் புகை பிடிக்கிறது என்போம். அந்தப் புகை மாமிக்கு மந்திரம் மாதிரி வேலை செய்யும். போகும்போது மகளின் தோளில் சாய்ந்து போனவர் வரும்போது ஓட்டோக்காரரிடம் மீன் விலை விசாரித்துக்கொண்டு வருவார்.

“பம்ப் எல்லாம் டொக்டர்மாருக்கு லேசு எண்டு தாறது. புகைதான் மருந்து.” இது மாமியின் முடிவு. எனக்குச் சொல்லவில்லை, மகளுக்குச் சொன்னார். எனக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்துத்தான் சொன்னார்.

எனக்கு இது ஒத்துவரவில்லை. பம்பிலும் அந்த மருந்து, மாஸ்க்கிலும் அந்த மருந்து. ஒன்று வேலை செய்கிறது, மற்றது செய்யவில்லை என்றால் நடுவில் எங்கேயோ ஒரு பிழை இருக்க வேண்டும். கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு விடை பிழைத்தால் செய்கை வழியைப் பார்க்காமல் இருக்கமுடியாது.

ஒருநாள் காலையில் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். குசினி யன்னல் திறந்து கிடந்தது. உள்ளே மாமி பம்ப் அடித்தார். அடித்த கையோடு வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வெளியே வந்தது. சாம்பிராணிச் சட்டியிலிருந்து வருகிற மாதிரி, போன மருந்து போன வழியாலேயே திரும்பி வந்தது. அவர் நெஞ்சு அசையவே இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு ஆகவில்லை.

“உம்மா பம்ப் அடிக்கிறத யன்னலால எட்டிப் பாத்துக்கிட்டா நிண்டீங்க?”

“எட்டிப் பார்க்கல்ல. கண்ணுல பட்டிச்சி. மருந்து உள்ள போகல்ல, அதச் செல்லு.”

சொன்னாள் போலிருக்கிறது. சற்று நேரத்தில் குசினிப் பக்கமிருந்து பதில் வந்தது. “எப்ப டொக்டருக்குப் படிச்சவராம் உன்ட மாப்பிள்ள?” சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. அதன்பிறகு குசினி யன்னல் திறக்கப்படவில்லை.

ஆனால் மனைவிக்கு மனதில் பட்டுவிட்டது. அடுத்த கிளினிக் நாளில் அவள் உம்மாவோடு உள்ளே போனாள். நானும் போனேன். மருமகன் வருகிறான் என்று மாமி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு கதிரையின் ஓரத்தில் இருந்தார். அங்கே வேலை செய்த தாதி மிஸ் ஒரு கலகலப்பான பிள்ளை. “எங்க உம்மா, ஒருக்கா அடிச்சிக் காட்டுங்க பாப்பம்” என்றாள். மாமி சுவர்ப் பக்கம் திரும்பி அடித்தார். மூக்காலும் வாயாலும் புகை வந்தது.

“தொண்டைய ஏன் உம்மா மூடிக்கிட்டீங்க?”

மாமி பம்பைத் திருப்பி நீட்டினார். மிஸ் விடவில்லை. கடைசியில் மாமி சொன்ன காரணத்தைக் கேட்டு அந்தப் பிள்ளை பம்பை மேசையில் வைத்துவிட்டாள்.

மாமிக்கு முதன்முதல் பம்ப் கிடைத்தது ஒரு நோன்பு காலத்தில். நோன்போடு அடிக்கலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார். தொண்டைக்குக் கீழே போகாவிட்டால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது என்று யாரோ ஒரு பெண் சொல்லியிருக்கிறார். மாமிக்கு அது பெரிய வேலையா? நோன்பு பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தொழுகைக்கும் கைகால் முகம் கழுவி வுளூ செய்கிறவர். வாயில் தண்ணீர் எடுத்துக் கொப்பளிக்க வேண்டும், ஆனால் ஒரு சொட்டும் உள்ளே இறங்கக்கூடாது. சின்ன வயதிலிருந்து பழகிய தொண்டை. கறிக்கு உப்புப் பார்ப்பதென்றாலும் நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடுவார். அந்தத் தொண்டைக்கு ஒரு பம்ப் எம்மாத்திரம்? அடித்தார், வாயில் நிறுத்தினார், வெளியே விட்டார். மருந்தும் அடித்தாயிற்று, நோன்பும் இருந்தது. நோன்பு போய்ப் பெருநாள் வந்தபிறகும் பழக்கம் போகவில்லை. பம்ப் என்றால் இப்படித்தான் அடிப்பது என்று அவருடைய உடம்பு படித்துவிட்டது. டொக்டர், மிஸ், மகள், மருந்து, எல்லோருக்கும் தண்ணி காட்டியிருக்கிறார். மாஸ்க் மட்டும் ஏன் வேலை செய்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. மூச்சு முட்டித் தவிக்கிற நேரத்தில் எந்தத் தொண்டையாலும் மூடிக்கொண்டிருக்க ஏலாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவி முறைத்தாள். மிஸ் ஒரு தண்ணிப் போத்தலை எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, பம்பை அதில் பொருத்திக் காட்டினாள். பம்பைப் போத்தலுக்குள் அடித்தால் மருந்து உள்ளேயே நிற்கும். போத்தல் வாயில் வாயை வைத்து மெதுவாக இழுத்து இழுத்து விட்டால் போதும். மாமி அங்கே அழகாகச் செய்தார். டொக்டர் இன்னொன்றும் சொன்னார்: இந்த நெஞ்சோடு நோன்பு பிடிக்க வேண்டாம், பகலில் எப்போது நீலப் பம்ப் தேவைப்படும் என்று சொல்லமுடியாது, அப்படித் தேவைப்படும்போது அடிக்காவிட்டால் ஆபத்து. மாமி தலையாட்டினார். ஓம் என்று வாயால் சொல்லவில்லை. அதை அப்போது நான் கவனித்திருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது. ஒரு மௌலவி, பம்ப் அடித்தால் நோன்பு முறியும், ஆனால் தீராத வருத்தக்காரர் பிடிக்கத் தேவையில்லை, ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு அரிசி கொடுத்தால் போதும் என்றார். இன்னொருவர், அது சாப்பாடும் இல்லை குடிப்பும் இல்லை, முறியாது என்றார். இரண்டு பேர் சொன்னதும் மாமிக்குச் சாதகமானதுதான். எதைப் பிடித்திருந்தாலும் தப்பியிருப்பார். மாமி இரண்டையும் பிடிக்கவில்லை. நோன்பு பிடிப்பேன், முட்டு வந்தால் பழைய மாதிரியே தொண்டையை மூடிக்கொண்டு அடிப்பேன் என்று முடிவெடுத்தார். இதை எங்களுக்கு அவர் சொல்லவில்லை.

அந்த வருடம் நோன்பும் வெட்டுக் காலமும் ஒன்றாக வந்தன. எங்கள் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலம் முழுக்க விடுமுறை. மனைவி வேலை செய்தது ஓர் அரச அலுவலகத்தில். அவளுக்கு விடுமுறை இல்லை. எங்கள் மகள் வெளியூரில் தங்கிப் படித்தாள். ஆகவே பகல் முழுக்க வீட்டில் நானும் மாமியும்தான். நான் முன்பக்கத்தில், அவர் பின்பக்கத்தில். குசினிப் பக்கம் போவதற்கு எனக்கு வேலையும் இல்லை, நோன்புதானே. மாமி விடியுமுன் சஹருக்கு எங்களோடு எழும்பி, குசினிக்குள் இருந்து சாப்பிட்டார். கேட்டால், “சும்மா, உங்களுக்குத் துணைக்கி” என்று மகளிடம் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்திருக்கிறார். நாங்களும் நம்பினோம்.

அன்றைக்குக் காற்று மேற்கிலிருந்து அடித்தது. வயல் பக்கத்தில் யாரோ வைக்கோல் கொளுத்தியிருக்க வேண்டும், முற்றத்தில் கரித்தூள் பறந்து விழுந்தது. பின்னேரத் தொழுகை, அஸர், நெருங்குகிற நேரம் குசினிப் பக்கம் சீட்டி கேட்டது. பிறகு பம்பின் சத்தம், உஸ்ஸ் என்று. கொஞ்ச நேரத்தில் மறுபடி பம்ப். சீட்டி குறையவில்லை. இன்னும் ஒரு பம்ப். அதற்குப் பிறகு சீட்டியே கேட்கவில்லை. அப்போதுதான் நான் பாய்ந்து எழும்பினேன். சீட்டி கேட்கும்வரை மூச்சு போய் வருகிறது என்று அர்த்தம்.

நான் குசினிக்குள் போனேன். மாமி நிலத்தில் குந்தி, இரண்டு கையையும் வாங்குப் பலகையில் ஊன்றிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. தலைச்சீலை நழுவிக் கிடந்தது, அதை இழுக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. உதடு நாவற்பழ நிறம். நீலப் பம்ப் பக்கத்தில் உருண்டு கிடந்தது. மிஸ் செய்து கொடுத்த போத்தல் சுவர்த் தட்டில் கவிழ்த்து வைத்தபடி இருந்தது, ஒருநாளும் தொட்டதாகத் தெரியவில்லை.

போத்தலை எடுத்துப் பம்பைச் செருகினேன். ஒன்று அடித்து அவர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். மாமி தலையை ஆட்டி மறுத்தார். கதைக்க ஏலாது. ஒரு விரலை மேலே காட்டினார். நோன்பு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லமுடியாது. கோபம் பாதி, பயம் பாதி. அத்தனை வருடமும் அவர் முகத்தைப் பார்த்துக் கதைக்காதவன், அந்தக் குசினியில் தொண்டை கிழியக் கத்தினேன்.

“மாமி! மௌத்தாகிப் போனா நோன்ப யாரு புடிக்கிற? வாயத் தொறங்க! இழுங்க! உங்கட மகள் வந்து கேட்டா நான் என்னத்தச் செல்ற?”

வாயைத் திறந்தார். போத்தலை நானே பிடித்துக்கொண்டேன். முதலாவது மூச்சு போகவில்லை, தொண்டையில் நின்று திரும்பியது. பழக்கம். “தொண்டைய விடுங்க மாமி, விடுங்க” என்று அவர் முதுகில் கையை வைத்தேன். அது பிழையா சரியா என்று யோசிக்க நேரமில்லை. இரண்டாவதில் உள்ளே போனது. நெஞ்சு எழும்பியதை என் கை உணர்ந்தது. இன்னொரு முறை அடித்தேன். பிறகு இன்னொரு முறை. கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டி திரும்பக் கேட்டது. ஒரு சத்தத்துக்காக நான் அவ்வளவு சந்தோசப்பட்டது கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோ கொண்டுவந்தார். ஆசுப்பத்திரியில் மாஸ்க்கைப் போட்டார்கள், மெசின் கரகரவென்று ஓடியது. மனைவி அலுவலகத்திலிருந்து ஓடிவந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்க்குக்குள் புகை நிறைந்து மாமியின் முகம் தெரியவில்லை. புகை கலைந்தபோதுதான் அவர் அழுதுகொண்டிருந்தது தெரிந்தது. நோகுதா என்று வார்ட்டில் நின்ற மிஸ் கேட்டாள். இல்லையென்று கையை ஆட்டினார்.

மாஸ்க்கைக் கழற்றியதும் மாமி என்னைப் பார்த்தார். முந்தானையை இழுக்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பவுமில்லை. நேரே பார்த்துச் சொன்னார்.

“என்ட நோன்ப முறிச்சிப் போட்டீங்களே, மருமகன்.”

அத்தனை வருடத்துக்குப் பிறகு மாமி என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை ஒரு குற்றச்சாட்டு. மனைவி பதறிப்போனாள். எனக்குக் கோபம் வரவில்லை. “ஓம் மாமி. நான்தான் முறிச்ச. அதுக்கு அல்லாஹ்க்கிட்ட நான் பதில் செல்றன்” என்றேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளை பெற்ற காலமெல்லாம் முடிந்து, பெண்களுக்கு நோன்பு விடுபடுகிற நாள்களும் நின்றபிறகு, அவர் ஒரு வருடமும் ஒன்றையும் விட்டதில்லையாம். முப்பதையும் முழுதாகப் பிடிப்பது அவருக்குக் கடைசி வயதில் கிடைத்த ஒரு பெருமை. மனைவி பிற்பாடு சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அந்தப் பெருமையை ஒரு தண்ணிப் போத்தலால் நான் உடைத்துப்போட்டிருந்தேன்.

இரண்டு மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இந்த முறை டொக்டர் மகளிடம் கண்டிப்பாகச் சொன்னார்: இனி நோன்பு இல்லை. பகலில் பம்ப் போத்தலோடு அடிக்க வேண்டும். சளி இளக, சுடச்சுட ஏதாவது அடிக்கடி குடிக்க வேண்டும். மாமி இம்முறை வாயால் ஓம் என்றார்.

பம்பை ஒழுங்காக அடித்தார். உஸ்ஸ் என்ற சத்தத்துக்குப் பிறகு நீண்ட ஒரு மூச்சு சுவருக்கு அப்பால் கேட்கும். ஆனால் குசினியில் அடுப்புச் சத்தமோ கோப்பைச் சத்தமோ கேட்கவில்லை. காலையில் மனைவி ஊற்றி வைத்துவிட்டுப் போன தேத்தண்ணிப் பிளாஸ்க், பின்னேரம் அவள் வந்து திறக்கும்போது அப்படியே நிறைந்திருந்தது. நோன்பு பிடித்தவன் ஒருவன் வீட்டில் இருக்க, அதுவும் மருமகன் இருக்க, பகலில் வாயில் ஒன்றை வைக்க மாமிக்கு வெட்கம். நோன்பு இல்லை என்று ஆனபிறகும் நோன்பாளியாகவே இருந்தார். இருமல் வறண்டு வறண்டு வந்தது. இரவில் அது கேட்க, மனைவி எழும்பிப்போய் நெஞ்சைத் தடவிக்கொடுப்பாள். மறுபடி ஓட்டோதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து நானே குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன். மாமி வாசற்படியில் வந்து நின்றார்.

“என்ன செய்றீங்க?”

“தேத்தண்ணி ஊத்துறன்.”

“நோன்போடயா?”

“எனக்கில்ல. உங்களுக்கு.”

அந்தக் குசினியில் எது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தேயிலையைக் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. சாயம் கடுமையோ இளகலோ தெரியவில்லை. மாமி என்றால் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவார். எனக்கு அந்த வித்தை வராது, ஒரு சொட்டுப் பட்டாலும் விழுங்கிவிடுவேன். ஒரு குத்துமதிப்பில் போட்டு, சீனி டின்னையும் தேடியெடுத்து இரண்டு கரண்டி அள்ளிப் போட்டு, இஞ்சியும் தட்டிப் போட்டு, கோப்பையையும் டின்னையும் மேசையில் வைத்தேன். எதிர்க் கதிரையில் நானும் இருந்தேன்.

“குடிங்க மாமி. நான் பாத்தா குடிக்கமாட்டீங்க எண்டா நான் மற்றப் பக்கம் திரும்பியிருக்கன்.”

திரும்பி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் கதிரை இழுபட்டது. பிறகு கோப்பை எடுக்கிற சத்தம். ஒரு மிடறு. அங்கே ஒரு நிறுத்தம். சுடுகிறதாக்கும் என்று நினைத்தேன். பிறகு மிடறு மிடறாகக் கடைசிவரை குடித்து, கோப்பையை வைத்தார். “நல்லம்” என்றார். எனக்குப் பெரிய ஆறுதல். என் தேத்தண்ணியில் எனக்கே ஒரு மதிப்பு வந்தது.

அன்றைக்குப் பொழுதுபட்டு மஹ்ரிப் பாங்கு சொல்லி, பேரீத்தம்பழம் சாப்பிட்டு, கஞ்சியும் குடித்தபிறகு மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். மேசையில் நான் எடுத்து வைத்திருந்த டின்னிலிருந்தே அள்ளிப் போட்டாள். ஒரு வாய் குடித்தவள் ஓடிப்போய் வெளியே துப்பினாள்.

“அல்லாஹ்வே, இது உப்பு! சீனி டின்ன எங்க வெச்ச? இத யாரு மேசையில வெச்ச?”

நான் மாமியைப் பார்த்தேன். மாமி கஞ்சிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமி, பகலும் இதத்தானே போட்ட? ஏன் செல்லல்ல? துப்பியிருக்கலாமே.”

“எப்பிடித் துப்புற?” என்றார். “நீங்க நோன்போட நிண்டு ஊத்தித் தந்த. முழுசா இறக்கித்தன்.”